முகமா, முதுகா? நான்கு லாங்கே கைக்கடிகாரங்களில் ஒன்று

ஜெர்மனியின் ஏ. லாங்கே உண்ட் ஸோனே நிறுவனம் செய்யும் கைக்கடிகாரங்களின் விலையைக் கேட்டு மலைத்துப்போகும் கட்டத்தைத் தாண்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன். பணம் ஒதுக்கியாயிற்று, ஒன்றே ஒன்றுதான் வாங்கப்போகிறோம், எதை வாங்குவது என்று நிற்பவருக்கு இது நேரடியாகப் பயன்படும். வாங்கும் எண்ணமே இல்லாமல், இப்படிப்பட்ட ஒரு கணக்கை உட்கார்ந்து போட்டுப்பார்ப்பதில் மகிழ்பவர்களும் படிக்கலாம். அவர்கள்தான் அதிகம் என்று தெரியும். நானும் அந்தப் பந்தியில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒப்பிட எடுத்துக்கொள்பவை நான்கு: 2025இல் வந்த 34 மி.மீ. ‘1815’, மெல்லிய ‘ஸாக்ஸோனியா தின்’, இந்த நிறுவனத்தின் அடையாளமாகவே ஆகிவிட்ட ‘லாங்கே 1’, ஸ்டீலில் வரும் ‘ஒடிஸியஸ்’. நான்குமே ஒரே ஊரில், ஒரே கூரையின் கீழ் உருவாகுபவை. ஆனால் நான்கும் நான்கு விதமான ஆட்களைக் கேட்கின்றன.

கடைக்குப் போகிறவர் முகத்தைப் பார்த்துத்தான் கடிகாரம் வாங்குவார். டயல் பிடித்திருக்கிறதா, முள் தெளிவாகத் தெரிகிறதா, கைக்கு எடுப்பாக இருக்கிறதா என்று பார்ப்பார். லாங்கே விஷயத்தில் மட்டும் அந்த வழக்கத்தைத் திருப்பிப் போடச் சொல்வேன். கடிகாரத்தைக் கவிழ்த்து முதலில் முதுகைப் பாருங்கள். நீங்கள் கொடுக்கும் பணத்தின் பெரும்பகுதி அங்கே, சபையர் கண்ணாடிக்குப் பின்னால்தான் செலவழிந்திருக்கிறது. முதுகு உங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை என்றால் இந்தக் கடிகாரம் உங்களுக்கு வேண்டாம். இதில் பாதி விலைக்கும் கீழே அழகான டயல்கள் எத்தனையோ கிடைக்கின்றன.

அந்த முதுகு ஏன் அப்படி ஆனது என்பதற்கு கிளாஸ்ஹூட்டே என்ற ஊரின் கதை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். டிரெஸ்டனுக்குத் தெற்கே, மலைகளுக்கு நடுவே முக்லிட்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் சின்ன ஊர் அது. சுரங்கங்களில் வெள்ளி தீர்ந்துபோய் வறுமையில் கிடந்தது. ஃபெர்டினாண்ட் அடால்ஃப் லாங்கே சாக்ஸனி அரசிடம் கடன் வாங்கிக்கொண்டு வந்து, 1845 டிசம்பர் 7ஆம் தேதி, உள்ளூர் இளைஞர்கள் 15 பேருக்குத் தொழில் கற்றுக்கொடுத்துப் பட்டறையைத் தொடங்கினார். பிறகு 18 ஆண்டுகள் அந்த ஊரின் மேயராகவும் இருந்தார். நூறு ஆண்டுகள் கழித்து, 1945 மே 8ஆம் தேதி, அதாவது ஐரோப்பாவில் போர் முடிந்த அதே நாளில், தொழிற்சாலையின் முக்கியக் கட்டடம் குண்டுவீச்சில் சிதைந்தது. 1948இல், ஊர் சோவியத் கட்டுப்பாட்டில் இருந்தபோது, நிறுவனம் பறிமுதல் செய்யப்பட்டது. 1951இல் ஊரில் இருந்த எல்லா நிறுவனங்களும் ஒரே அரசுத் தொழிற்சாலையாக இணைக்கப்பட்டன. லாங்கே என்ற பெயர் டயல்களிலிருந்து மறைந்தது.

நிறுவனரின் கொள்ளுப்பேரன் வால்டர் லாங்கே மேற்கு ஜெர்மனிக்குத் தப்பிப்போயிருந்தார். பெர்லின் சுவர் விழுந்த மறுவருடம், 66 வயதில் திரும்பி வந்து, குன்டர் ப்ளூம்லைன் என்ற நிர்வாகியுடன் சேர்ந்து, அதே டிசம்பர் 7ஆம் தேதியாகப் பார்த்து நிறுவனத்தை மீண்டும் பதிவு செய்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 1994 அக்டோபர் 24 அன்று டிரெஸ்டன் அரண்மனையில் முதல் நான்கு கடிகாரங்களைக் காட்டினார்கள். கையில் விற்பனைப் பாரம்பரியம் எதுவும் கிடையாது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் கடையில் இல்லாத பெயர். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு சுவிட்சர்லாந்தின் மிகப் பெரிய கடிகார நிறுவனங்களுக்குச் சமமான விலை கேட்க வேண்டுமென்றால், யாரும் மறுக்க முடியாத வேலைப்பாடு தேவைப்பட்டது. அந்த நெருக்கடியில் பிறந்த பிடிவாதம் இன்றும் முதுகில் தெரிகிறது.

அங்கே என்ன பார்க்க வேண்டும்? முதலில் கண்ணில் படுவது முக்கால் வட்டத் தகடு. 1864 வாக்கில் ஃபெர்டினாண்ட் லாங்கே நிலைப்படுத்திய அமைப்பு அது. சுவிஸ் இயந்திரங்கள் பலவற்றில் பல்சக்கரங்களைப் பாலம் எனப்படும் தனித்தனிச் சிறு தகடுகள் தாங்கும். இங்கே ஏறக்குறைய எல்லாச் சக்கரங்களின் அச்சுகளையும் ஒரே பெரிய தகடு பிடித்துக்கொள்கிறது. அசைவு குறையும், உறுதி கூடும். ஆனால் அந்தத் தகட்டைப் பொருத்தும்போது எல்லா அச்சு முனைகளும் ஒரே நேரத்தில் அதனதன் துளையில் இறங்க வேண்டும். ஒன்று பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இன்னொரு குறையும் உண்டு, அதை விற்பனையாளர் சொல்லமாட்டார்: தகடு மூடிவிடுவதால் சக்கரங்கள் சுழல்வது கண்ணுக்குத் தெரியாது. உள்ளே நடக்கும் ஓட்டத்தைப் பார்க்க விரும்புகிறவருக்கு லாங்கேயின் எளிய கடிகாரங்கள் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருக்கும்.

தகட்டின் உலோகம் ‘ஜெர்மன் சில்வர்’. பெயர்தான் வெள்ளி, தாமிரம், நிக்கல், துத்தநாகம் கலந்த கலவை, வெள்ளி ஒரு துளியும் கிடையாது. மற்றவர்கள் இயந்திரத்தின் மேல் ரோடியம் முலாம் பூசிப் பளபளப்பாக்கிவிடுவார்கள். லாங்கே முலாம் இல்லாமல் அப்படியே விடுகிறது. அதனால் ஆண்டுகள் போகப்போக லேசான மஞ்சள் ஏறி, தேன் கலந்த நிறத்துக்கு வரும். விரல் ரேகை பட்டால் கறை பிடித்துவிடும் என்பதால் தொழிலாளர்கள் விரலுறை போட்டுக்கொண்டுதான் தொடுகிறார்கள். அதைவிடப் பெரிய செலவு இரட்டைப் பொருத்தல். இயந்திரத்தை ஒருமுறை முழுதாகப் பூட்டி, ஓடவிட்டுச் சரிபார்த்து, பிறகு அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, கழுவி, மெருகேற்றி, மறுபடி பூட்டுகிறார்கள். இருபது லட்சத்துக்கும் மேல் போகும் கடிகாரத்துக்கும் கோடியைத் தாண்டும் கடிகாரத்துக்கும் இதே நடைமுறைதான்.

பிறகு, முன்னும் பின்னும் ஆடி ஓட்டத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பேலன்ஸ் வீலைத் தாங்கும் சிறு பாலம். அதில் பூவும் இலையும் கையால் செதுக்கப்பட்டிருக்கும். அச்சடித்ததல்ல, ஒவ்வொன்றும் வேறு. செதுக்கியவர் யார் என்பதைக் கோடு போகும் போக்கைப் பார்த்தே சக தொழிலாளர்கள் சொல்லிவிடுவார்கள். அச்சு முனைகளைத் தாங்கும் சிறு ரூபிக் கற்களைச் சுற்றித் தங்க வளையங்களும் அவற்றைப் பிடித்திருக்கும் நீலத் திருகுகளும் இருக்கும். நீலம் சாயமல்ல, சூட்டில் வந்த நிறம். அந்தத் தங்க வளையங்களுக்கு இன்று பொறியியல் தேவை பெரிதாக இல்லை. கற்களைத் துல்லியமாகத் துளையிட்டு நேரடியாக அழுத்திப் பதிக்கும் காலம் வந்துவிட்டது. அவை இருப்பது வழக்கத்துக்காக, அழகுக்காக. அதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டு ரசிப்பதுதான் நல்லது.

இந்தப் பொது முதுகை மனத்தில் வைத்துக்கொண்டு நான்குக்கும் வருவோம்.

1815, 34 மி.மீ.

1815 என்பது நிறுவனர் பிறந்த ஆண்டு. அவர் காலத்துச் சட்டைப்பைக் கடிகாரத்தை மணிக்கட்டுக்குக் கொண்டுவந்ததுபோல் இருக்கும் வரிசை இது: தெளிவான அரபு எண்கள், ரயில் தண்டவாளம் போன்ற நிமிடக் கோடுகள், ஆறு மணி இடத்தில் சின்ன வினாடி முள். தேதி கிடையாது. 2025 ஏப்ரலில் ஜெனீவா கண்காட்சியில் இதை 34 மி.மீ. அளவில், வெள்ளைத் தங்கத்திலும் இளஞ்சிவப்புத் தங்கத்திலும், நீல டயலோடு காட்டினார்கள். தடிமன் 6.4 மி.மீ. இதற்காகவே எல்152.1 என்ற புதிய இயந்திரம், 2.9 மி.மீ. கனம்தான், ஆனால் ஒருமுறை முழுதாகச் சாவி கொடுத்தால் 72 மணி நேரம் ஓடும்.

34 மி.மீ. என்றதும் ஆண்கள் பலர் ‘இது பெண்கள் கடிகாரம் அல்லவா’ என்று ஒதுக்கிவிடுவார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆண்கள் விசேஷ உடையோடு கட்டும் கடிகாரங்கள் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருந்தன. நம் வீடுகளில் அப்பாவும் தாத்தாவும் கட்டியிருந்த, காலையில் எழுந்ததும் சாவி கொடுத்த, டயலில் ‘17 ஜுவல்’ என்று எழுதியிருந்த எச்.எம்.டி. கடிகாரங்களும் கிட்டத்தட்ட இந்த அளவைச் சுற்றித்தான் இருந்தன. மணிக்கட்டு ஒல்லியான நம்மில் பலருக்கு இது பொருந்திவிடும். ஆனாலும் கட்டிப்பார்க்காமல் முடிவு செய்யக்கூடாத அளவு இதுதான். 40 மி.மீ. கட்டிப் பழகிய கண்ணுக்கு முதல் பார்வையில் சின்னதாகத்தான் தெரியும்.

முதுகுக்கு வந்தால் இதன் பலம் புரியும். இயந்திரத்தின் விட்டம் 28.1 மி.மீ., பெட்டி 34 மி.மீ. கண்ணாடியை இயந்திரம் ஏறக்குறைய விளிம்புவரை நிரப்புகிறது. பெரிய பெட்டிக்குள் சின்ன இயந்திரத்தை வைத்து, நடுவில் தீவுபோல் விட்டுச் சுற்றிலும் உலோக வளையத்தால் இட்டு நிரப்பும் பழக்கம் விலை உயர்ந்த கடிகாரங்களிலும் உண்டு. இங்கே அது இல்லை. பெட்டியும் இயந்திரமும் ஒன்றுக்காக ஒன்று வரையப்பட்டவை.

பெரிய 1815உம் இருக்கிறது, 38.5 மி.மீ. அதன் எல்051.1 இயந்திரம் 55 மணி நேரம்தான் ஓடும், ஆனால் அதன் பின்பக்கம் இன்னும் பழமையானது: விளிம்பில் திருகுகள் வைத்த பேலன்ஸ் வீல், அன்னக் கழுத்துபோல் வளைந்த ஸ்பிரிங். பழைய மணம் வேண்டும், 34 வேண்டாம் என்பவர் அதைத் தேடிப் பார்க்கலாம்.

ஸாக்ஸோனியா தின்

இரண்டு முள், பன்னிரண்டு கோடு, அவ்வளவுதான். 37 மி.மீ. பெட்டி, 5.9 மி.மீ. தடிமன், லாங்கே செய்வதில் மிக மெல்லியது. எல்093.1 இயந்திரமும் 2.9 மி.மீ. கனம், 72 மணி நேரம், 167 உறுப்புகள். சட்டைக் கைக்குள் இருக்கிற இடம் தெரியாமல் போய்விடும். கோட்டு சூட்டு போட்டு மாலை விருந்துகளுக்குப் போகிறவருக்கு இதைவிட நாகரிகமானது கிடைப்பது கடினம்.

எனக்கு இதில் இரண்டு மனத்தாங்கல்கள். வினாடி முள் இல்லாததால் கடிகாரம் ஓடுகிறதா என்பதையே ஒரு நிமிடம் காத்திருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். இயந்திரக் கடிகாரம் வாங்குவதில் இருக்கும் சின்னச் சந்தோஷம், அது உயிரோடு இருக்கிறது என்று கண்ணால் காண்பது, அதையே எடுத்துவிட்டார்கள். இரண்டாவது, முதுகு. சுமார் 28 மி.மீ. இயந்திரம் 37 மி.மீ. பெட்டியில் பரவாயில்லை என்று சொல்லலாம், 40 மி.மீ. பதிப்பில் சுற்றிலும் தங்க வளையம் அகலமாகி, இயந்திரம் ஒடுங்கிப்போய்த் தெரிகிறது. முகம் மட்டுமே முக்கியம் என்றால் இது குறையே இல்லை.

34 மி.மீ. 1815 வந்த பிறகு ஸாக்ஸோனியா தின்னை வாங்குவதற்கான காரணங்கள் சுருங்கிவிட்டன என்பது என் கருத்து. அரை மி.மீ. கூடுதல் தடிமனுக்கு வினாடி முள்ளும், எண்களும், நிறைந்த முதுகும் கிடைக்கின்றன. வெறும் டயலின் அமைதிக்காகவே வாங்குகிறேன் என்பவர் மட்டும் ஸாக்ஸோனியா பக்கம் போகலாம்.

லாங்கே 1

இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகப் பேசுவேன், காரணம் இருக்கிறது.

1994இல் காட்டிய நான்கில் இதுவும் ஒன்று. அன்று இதைப் பார்த்தவர்கள் விழித்திருக்க வேண்டும். மணி, நிமிட முள்கள் நடுவில் இல்லை. இடப்பக்கம் ஒதுங்கிய தனி வட்டத்தில் இருக்கின்றன. வலப்பக்கம் மேலே இரட்டைச் சாளரத்தில் பெரிய தேதி, அதற்குக் கீழே இன்னும் எவ்வளவு ஓட்டம் மிச்சம் என்று காட்டும் சின்ன முள், அதற்கும் கீழே வினாடி. எதுவும் எதன்மேலும் ஏறவில்லை. ஒழுங்கில்லாததுபோல் தோன்றும், ஆனால் ஒரு நிமிடம் பார்த்தால் ஒவ்வொன்றும் அளந்து வைத்த இடத்தில் இருப்பது தெரியும். ஓட்டம் மிச்சம் காட்டும் முள்ளின் இரு முனைகளிலும் ‘ஆஃப்’, ‘ஆப்’ என்று ஜெர்மன் சொற்கள். ஏற்றம், இறக்கம் என்று பொருள்.

அந்தப் பெரிய தேதிக்கு ஒரு முன்னோடி உண்டு. டிரெஸ்டன் செம்பர் நாடக அரங்கில் மேடைக்கு மேலே ஒரு கடிகாரம் இருந்தது. இடச் சாளரத்தில் மணி ரோமன் எண்ணில், வலச் சாளரத்தில் நிமிடம் ஐந்து ஐந்தாக மாறும். 1841இல் அரங்கு திறந்தபோது அதைச் செய்தவர் அரசவைக் கடிகாரக் கலைஞர் குட்கேஸ். அவரிடம் தொழில் கற்று, பிறகு அவருக்கே மருமகனான ஃபெர்டினாண்ட் லாங்கேயும் அதில் உழைத்தார். கைக்கடிகாரத்தில் அந்த யோசனையைக் கொண்டுவர, தேதியின் பத்துகள் இலக்கத்துக்கு ஒரு சிலுவை வடிவத் தகடும் ஒன்றுகள் இலக்கத்துக்கு ஒரு வட்டும் வைத்தார்கள். முப்பத்தொன்றாம் தேதியிலிருந்து ஒன்றாம் தேதிக்கு மாறும் இரவில் ஒன்று மட்டும் திரும்ப, மற்றது அப்படியே நிற்க வேண்டும். இதைச் சிந்தித்துச் செய்தவர்களின் மூளைக்கு மரியாதை செய்யலாம். அந்தக் காலத்து விளம்பரப் படங்களில் தேதி 25 என்றே இருக்கும்: நிகழ்ச்சி 24ஆம் தேதி, பத்திரிகைகள் மறுநாள்தான் படத்தை வெளியிடும், வாசகர் கையில் எடுக்கும் நாளின் தேதி காட்ட வேண்டும் என்ற கணக்கு.

2015இல் வெளித்தோற்றத்தை ஏறக்குறைய தொடாமல் உள்ளே முழுதாக மாற்றி எல்121.1 இயந்திரத்தை வைத்தார்கள். 368 உறுப்புகள், சாவி கொடுத்த சக்தியைச் சேர்த்துவைக்கும் இரண்டு மெயின் ஸ்பிரிங் உருளைகள், 72 மணி நேரம். முன்பு தேதி மெல்ல நகர்ந்து மாறும். இப்போது நள்ளிரவில் ஒரே தாவலில் மாறிவிடும். பெட்டி 38.5 மி.மீ., தடிமன் 9.8 மி.மீ. பத்து மணி இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் தேதி ஒவ்வொன்றாகத் தாவும். மூன்று நாள் கழற்றி வைத்துவிட்டு எடுத்தால் சரிசெய்ய அரை நிமிடம்கூட ஆகாது. தேதி உள்ள கையேற்று, அதாவது கையால் சாவி கொடுக்கும், கடிகாரத்தில் இது சின்ன விஷயமில்லை.

குறைகள் இல்லையா? உண்டு. தங்கத்தில் இதன் விலை 40,000 யூரோவைத் தாண்டிவிட்டது. 1815உடன் ஒப்பிட்டால் நெடிய தாவல். சிறிய மணிக்கட்டில் பக்கவாட்டுச் சமனின்மை சிலருக்குத் தொந்தரவாக இருக்கும், அவர்களுக்காக 36.8 மி.மீ. ‘லிட்டில் லாங்கே 1’ இருக்கிறது, அதைப் பெண்களுக்கென்று ஒதுக்குவது வெறும் விற்பனைப் பழக்கம். முதுகில் முக்கால் தகடு மிகப் பெரியது, ஓட்டம் அதிகம் தெரியாது. ஆனால் ஒரு ரகசியம்: இந்த நான்கில் முகமும் முதுகும் ஒரே யோசனையிலிருந்து பிறந்தது இது ஒன்றுதான். முகத்தில் எந்த இடத்தில் எது இருக்கிறது என்பதும் உள்ளேயிருக்கும் இயந்திரமும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை. மற்ற மூன்றின் முகங்களை வேறொரு நல்ல நிறுவனம் தன் பெயரில் செய்திருக்க முடியும். இதைச் செய்திருக்க முடியாது.

ஒடிஸியஸ்

2019 அக்டோபர் 24 அன்று, லாங்கே 1 பிறந்து சரியாக 25 ஆண்டுகள் கழித்து வெளியானது. வழக்கமான தயாரிப்பில் ஸ்டீலில் வந்த முதல் லாங்கே. 40.5 மி.மீ., 120 மீட்டர் வரை நீர் புகாது, தானே சாவி ஏறும் எல்155.1 இயந்திரம், மணிக்கு 28,800 அதிர்வு, 50 மணி நேர ஓட்டம். ஒருபுறம் கிழமை, மறுபுறம் தேதி, இரண்டும் பெரிய எழுத்தில். அவற்றை மாற்றும் பொத்தான்கள் பெட்டியின் தோள்களிலேயே மறைந்திருக்கின்றன. தெரியாதவர் அவற்றைப் பொத்தான் என்றே நினைக்கமாட்டார். ஸ்டீல் சங்கிலியின் கொக்கியில் ஒரு பொத்தானை அழுத்தி நீளத்தைச் சில மில்லிமீட்டர் கூட்டலாம் குறைக்கலாம். வெயிலில் கை வீங்குவதும் ஏசி அறையில் ஒடுங்குவதும் தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

மற்ற மூன்றும் 30 மீட்டர் அளவுக்குத்தான் நீரைத் தாங்கும். அது கை கழுவும்போது தெறிக்கும் துளிக்குப் போதும், குளிப்பதற்கும் நீந்துவதற்கும் அல்ல. மூன்றுமே முதலைத் தோல் வாரில் வருகின்றன. சென்னையின் மே மாதத்தில் தோல் வாரைத் தினமும் கட்டினால் ஒரு கோடைக்குள் வியர்வையில் கறுத்து நாற்றமெடுக்கும். வார் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் கடிகாரத்தின் குணமே உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கானது என்பதை ஏற்க வேண்டும். ஒரே கடிகாரம், காலை முதல் இரவு வரை, மழையிலும் வெயிலிலும் என்றால் இந்த நால்வரில் ஒடிஸியஸ் மட்டுமே தேறும்.

பின்பக்கத்தைத் திருப்பினால் எனக்கு ஆர்வம் குறைகிறது. சாவி ஏற்றும் சுழல் தகடு பாதி இயந்திரத்தை மறைக்கிறது. பேலன்ஸ் வீலை ஒருபக்கம் மட்டும் பிடிக்கும் பழைய பாலத்துக்குப் பதிலாக, அதிர்ச்சி தாங்குவதற்காக இரு பக்கமும் ஊன்றிய பாலம். பொறியியலாக இது சரியான முடிவு, செதுக்கலும் இருக்கிறது. ஆனால் கிளாஸ்ஹூட்டேயின் மெதுவான, பழைய முகம் இதில் தேய்ந்துவிட்டது. லாங்கே என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு முதல் கடிகாரமாக இதைச் சொல்லமாட்டேன்.

இன்னொரு சங்கடம், கிடைப்பது. லாங்கே நிறுவனமே ஆண்டுக்குச் சில ஆயிரம் கடிகாரங்கள்தான் செய்கிறது. 2019இல் ஸ்டீல் ஒடிஸியஸின் விலை 28,000 யூரோ. அதைக் கொடுக்கத் தயாராக இருந்தவர்களும் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. மறுவிற்பனைச் சந்தையில் அதைவிடக் கூடுதலுக்கு விற்றார்கள். ஸ்டீலுக்கு அதிகப்படி கொடுப்பவர் உலகமெங்கும் இருக்கிறார்கள். அதே சந்தையில் தங்க 1815உம் ஸாக்ஸோனியாவும் பெரும்பாலும் கடை விலைக்குக் கீழே கிடைப்பது இந்தத் தொழிலின் விசித்திரம். லாபம் பார்க்க வாங்குகிறவர் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். உங்களுக்கு வேறு கட்டுரை தேவை. பயன்படுத்த வாங்குகிறவருக்கு இதில் நல்ல செய்தி இருக்கிறது: பழைய கடிகாரமாகத் தேடினால் கையேற்று லாங்கே விலைக்கு ஏற்ற மதிப்பைத் தருகிறது.

லாங்கேயின் இன்னும் சிக்கலான கடிகாரங்களான டாட்டோகிராஃபையும் ட்ஸைட்வெர்க்கையும் ஏன் சேர்க்கவில்லை என்று யாராவது கேட்பார்கள். 1999இல் வந்த டாட்டோகிராஃபின் முதுகு, நெம்புகோல்களும் சக்கரங்களும் அடுக்கடுக்காகக் கிடக்கும் ஒரு நகரம். முதுகை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டால் இந்த நால்வரும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. அதன் விலையும் அப்படித்தான். அது ‘எதை வாங்குவது’ என்ற கேள்வியோடு வருகிறவர் வாங்கும் கடிகாரமும் அல்ல. எண்கள் தாவித் தாவி மணி காட்டும் ட்ஸைட்வெர்க்கும் அதே ரகம்.

அதே ஊரிலேயே, ரயில் நிலையத்தைச் சுற்றி நடக்கும் தூரத்தில், வேறு கடிகார நிறுவனங்களும் இருக்கின்றன. பழைய அரசுத் தொழிற்சாலையின் வாரிசான கிளாஸ்ஹூட்டே ஒரிஜினல் இப்போது ஸ்வாட்ச் குழுமத்தின் கையில். அதன் செனட்டர் எக்ஸலன்ஸ் 100 மணி நேரம் ஓடுகிறது, முக்கால் தகடும் உண்டு, விலை லாங்கேயைவிட மிகக் குறைவு. 1990இல் தொடங்கிய நோமோஸ் சுமார் 2,000 யூரோவுக்கு, தானே செய்த கையேற்று இயந்திரத்தோடு டாங்கென்டே என்ற கடிகாரத்தைத் தருகிறது. கிளாஸ்ஹூட்டே என்று டயலில் எழுதுவதற்கு இயந்திரத்தின் மதிப்பில் பாதிக்கு மேல் அந்த ஊரிலேயே உருவாகியிருக்க வேண்டும்; 2022இல் ஜெர்மனி அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. ஜெர்மனியில் இப்படி ஓர் ஊரின் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது, 1938இல் ஸோலிங்கன் கத்திகளுக்குப் பிறகு இதுதான் இரண்டாவது. ஆகவே நோமோஸில் ஊர் பொய்யில்லை. லாங்கேயில் கூடுதலாகக் கொடுக்கும் பணம் நேரம் துல்லியமாகக் காட்டுவதற்கு அல்ல என்பதும் தெளிவு. துல்லியத்துக்கு நூறு ரூபாய் குவார்ட்ஸ் கடிகாரம் போதும். யாரும் பார்க்காத இடத்தை மெருகேற்றுவதற்கான கூலி அது. அந்தக் கூலி கொடுக்கத் தகுந்தது என்று தோன்றாவிட்டால் நோமோஸ் வாங்கிவிட்டு மீதிப் பணத்தில் கிளாஸ்ஹூட்டேவுக்கே போய்வரலாம். 2008இல் பழைய கடிகாரப் பள்ளிக் கட்டடத்தில் திறந்த அருங்காட்சியகம் ஒன்று அங்கே இருக்கிறது.

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். பணம் தடையில்லை, வாழ்நாளுக்கு ஒரே லாங்கே என்றால் லாங்கே 1. இரண்டாவது யோசனையே தேவையில்லை. அந்த விலை மனத்தை உறுத்தினால் 34 மி.மீ. 1815, இந்த நால்வரில் பணத்துக்கு மிகுந்த நேர்மையானது அதுதான். ஒடிஸியஸ், ஏற்கெனவே ஒரு லாங்கே வைத்திருந்து, கடலுக்கும் கடைத்தெருவுக்கும் போக இன்னொன்று வேண்டும் என்பவருக்கு. ஸாக்ஸோனியா தின்னைத் தேடிப்போய் வாங்கமாட்டேன்; யாராவது பரிசாகக் கொடுத்தால் நன்றி சொல்லிக் கட்டிக்கொள்வேன்.

1815 என்று முடிவானால் மிச்சமிருப்பது உலோகம். வெள்ளைத் தங்கத்தில் நீல டயல் குளிர்ச்சியாக, வெளியார் கண்ணுக்கு ஸ்டீல் போலவே தெரியும். தங்கம் கட்டியிருப்பது உங்களுக்கும் கடைக்காரருக்கும் மட்டுமே தெரியும். இளஞ்சிவப்புத் தங்கத்தில் அதே நீலம் சூடேறி, 34 மி.மீ. கொஞ்சம் பெரிதாகக்கூடத் தோன்றும். சின்னக் கடிகாரம் கண்ணில் படவில்லையே என்ற கவலை இருந்தால் இளஞ்சிவப்பு. எனக்கு அந்தக் கவலை இல்லை, வெள்ளையைத்தான் எடுப்பேன். கடையில் இரண்டையும் வாங்கிக் கவிழ்த்து வைத்து, குமிழைப் பிடித்து நாலைந்து சுற்று நீங்களே சாவி கொடுத்துப் பாருங்கள். ஜெர்மன் சில்வரின் மங்கிய மஞ்சளுக்குப் பக்கத்தில் எந்தத் தங்கம் உறவாடுகிறது என்பதை விளக்கு வெளிச்சத்தில் அல்ல, ஜன்னலோரம் நின்று பார்த்து முடிவு செய்யலாம்.